இரவில் போன் எங்கே கிடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் போனும் ரீவியும் பார்க்கும் நேரத்தைக் குறைப்பது எப்படி என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த முறை பதில் தருகிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: வீட்டில் நான்கு போன், ஒரு ரீவி. மூத்தவளுக்கு 14, நடுவிலானுக்கு 9, சின்னவனுக்கு 4 வயது. ஆளுக்கொரு மூலையில் குனிந்துகொண்டு இருக்கிறோம். ஏசிப் பார்த்தேன், பறித்து அலுமாரியில் பூட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் சரி, மூன்றாம் நாள் பழையபடிதான். எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு தாய், கல்லடி

பதில்: இரவிலிருந்து தொடங்குங்கள் அம்மா. சாப்பாடு, படிப்பு, படுக்கை என்று எல்லா நேரத்தையும் ஒரே நாளில் பிடித்து இழுத்தால் வீடே எதிர்த்து நிற்கும். மூன்றாம் நாள் சறுக்குவது அதனால்தான். அலுமாரிப் பூட்டும் நிலைக்காது. பூட்டுகிறவர் நீங்கள் ஒருவர், சாவி கேட்கிறவர்கள் மூன்று பேர்.

முதல் மூன்று நாள் ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யார், எத்தனை மணிக்கு, வீட்டில் எந்த இடத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. நிமிடம் எண்ண வேண்டியதில்லை. அந்தக் கணக்கைப் போனே வைத்திருக்கிறது. ஆண்ட்ரொய்டில் செட்டிங்ஸுக்குள் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ என்று இருக்கும். உங்களுக்கு உதவப்போவது கொப்பியின் கடைசிக் கட்டம். சின்னவன் போன் கேட்டது நீங்கள் அடுப்படிக்குப் போனபோதா, மூத்தவள் போனை எடுத்தது கணக்கு சிக்கிய இடத்திலா என்பது அதில்தான் தெரியும்.

இரவை முதலில் சொல்வதற்குக் காரணம் நித்திரை. பள்ளிக்கூடம் 7.30க்கு. பிள்ளைகள் 5.30க்கு எழும்புவதாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். 6 முதல் 12 வயது வரை 9 தொடக்கம் 12 மணித்தியால நித்திரை வேண்டும். ஆகவே நடுவிலான் பிந்தினால் 8.30க்குள் கண்மூட வேண்டும். 13 வயதுக்கு மேல் 8 தொடக்கம் 10 மணித்தியாலம், மூத்தவளுக்கு 9.30. நான்கு வயதுக்காரனுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 தொடக்கம் 13 மணித்தியாலம். ஒவ்வொருவரும் படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே திரை அணைய வேண்டும்.

இனி இடம். சாலையில், அதாவது வீட்டின் முன் கூடத்தில், படுக்கையறைகளுக்கு வெளியே, ஒரு பிளக் பக்கத்தில் சிறு மேசை போடுங்கள். சுவிட்ச் உள்ள நான்கு வழி எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்று போதும். வீட்டிலுள்ள எல்லாச் சார்ஜர்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். அறைகளில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சார்ஜர் இல்லாத அறையில் போன் நெடுநேரம் தங்காது. போன்களை மூடிய பெட்டிக்குள் போட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டாம், சூடாகும். திறந்த தட்டமே நல்லது.

அப்படிச் செய்த அன்றே “அலாரத்துக்குப் போன் வேண்டும்” என்பார்கள். சாதாரண மேசை மணிக்கூடு ஒன்று வாங்கி வையுங்கள். “இரவில் அவசரமாக யாராவது எடுத்தால்?” என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். ‘டூ நொட் டிஸ்டர்ப்’ போட்டு, தாய் தகப்பன், சகோதரங்கள் போன்ற முக்கியமான எண்களுக்கு மட்டும் மணி அடிக்க அனுமதி கொடுங்கள். மணிச் சத்தத்தைக் கூட்டி வைத்தால் சாலையில் அடிப்பது அறைக்குக் கேட்கும். அவருடைய போனும் உங்களுடையதும் அதே தட்டத்தில்தான். அப்பாவின் போன் மட்டும் தலையணைக்கு அடியில் இருக்குமானால் 14 வயதுப் பிள்ளையிடம் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

சின்னவனுக்கு “இன்னும் பத்து நிமிடம்” என்பது விளங்காது. “இந்தக் கதை முடிந்ததும் நீயே நிப்பாட்டு” என்று சொல்லுங்கள். கதை முடிய வேண்டுமென்றால் யூடியூப்பில் ‘ஓட்டோபிளே’யை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அணைக்கும் பொத்தானை அவனே அழுத்தட்டும். நீங்கள் பறித்தால் சண்டை, அவன் அழுத்தினால் அது அவன் செய்த வேலை.

நான்காம் ஐந்தாம் நாளில் அழுகை கூடும், எதிர்பார்த்திருங்கள். முன்பு பலித்த அழுகை இப்போது பலிக்கவில்லை என்பதால் இன்னும் உரத்து முயன்று பார்க்கிறான். அந்த இரவு விட்டுக்கொடுத்தால் எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் படிப்பான். நீங்கள் வைத்த நேரம் கடுமையாகப் போய்விட்டது என்று உங்களுக்கே பட்டால் மறுநாள் பகலில், எல்லோரும் அமைதியாக இருக்கும்போது மாற்றுங்கள், அழுகைக்கு நடுவே மாற்ற வேண்டாம். “நல்லாச் சாப்பிட்டால் போன் தருவேன்” என்ற பேரமும் வேண்டாம். அது போனின் மதிப்பை ஏற்றிவிடும்.

இரண்டு கிழமை இரவு சீராக ஓடிய பிறகு சாப்பாட்டு நேரம், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்த மத்தியானம். அந்த ஒழுங்கில் போங்கள். சின்னவனுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இது உலக சுகாதார நிறுவனம் 2019இல் 2 முதல் 4 வயது வரையான பிள்ளைகளுக்குச் சொன்ன அளவு. மற்ற இருவருக்கும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நித்திரை, படிப்பு, ஓடி விளையாடுவது, வீட்டாரோடு இருந்து சாப்பிடுவது ஆகிய நான்கும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: மகள் வேலைக்குப் போவதால் பேரனுக்கு நான்தான் சோறு தீத்துகிறேன். ஒன்றரை வயது. போனில் பாட்டுப் போட்டால்தான் வாய் திறக்கிறான். போனை எடுத்தால் துப்புகிறான். மெலிந்துபோவானோ என்று பயம்.
– அம்மம்மா, களுவாஞ்சிகுடி

பதில்: முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நிறை பார்க்கும் கிளினிக்குக்குப் போய், குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் அதிலுள்ள நிறைக் கோட்டைக் காட்டுங்கள். நிறை தன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடுவதைத் தாங்கும் தைரியம் உங்களுக்கு வரும். கோடு படுத்துவிட்டதென்றால் அவர் சொல்வதை முதலில் செய்யுங்கள்.

பாட்டுப் பார்க்கிற பிள்ளை சாப்பிடவில்லை, வாயை மட்டும் திறக்கிறது. பசி எப்போது, வயிறு நிரம்பியது எப்போது என்பது அதற்குத் தெரியாமலே போகிறது. இந்த வயதில் ஒரு வேளைக்கு 250 மில்லிலீற்றர் கோப்பையில் முக்கால் தொடக்கம் ஒரு கோப்பை போதும். அப்படி மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு சிறு தீனி. பெரிய பீங்கானைக் காட்டிப் பயப்படுத்த வேண்டாம்.

எல்லா வேளையையும் ஒன்றாக மாற்றாதீர்கள். அவனுக்குப் பசி கூடிய வேளையை எடுங்கள். அநேகமாகக் குளிக்க வார்த்த பிறகு வரும் மத்தியானம். அதற்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே பால், பிஸ்கட் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் மட்டும். பெரும்பாலான வீடுகளில் பிழைக்கும் இடம் இதுதான். பத்தரைக்குப் போத்தல் பால் குடித்த பிள்ளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பசி இராது. பசி இல்லாததால் துப்புகிறது. துப்புவதால் போன் வருகிறது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, பாயில் அவனுக்கு நேரே இருங்கள். அவனுக்கென்று ஒரு சின்னத் தட்டில் இரண்டு கரண்டிச் சோறும் பருப்பும், முள் எடுத்த மீனும், மசித்த பூசணியும் போட்டு அளையவிடுங்கள். கையில் பிடிக்க அவித்த வற்றாளங்கிழங்குத் துண்டு ஒன்று. நீங்களும் உங்கள் கோப்பையை எடுத்து அவனோடு சாப்பிடுங்கள். இடையிடையே ஒரு வாய் நீட்டுங்கள். முகத்தைத் திருப்பினால் கையை இறக்கிவிடுங்கள், முற்றத்தில் பின்னால் ஓட வேண்டாம். 25 நிமிடத்தில், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கை கழுவித் தூக்கிவிடுங்கள். அடுத்த வேளை வரும்.

நான்கைந்து நாள் அந்த ஒரு வேளையை மட்டும் இப்படி நடத்தி, பிறகு அடுத்த வேளை. மூத்திரம் போவது வழமையைவிடக் குறைந்தாலோ, சத்தி எடுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? வேண்டியதை விரலால் காட்டுகிறானா? அம்மா, தா, வா என்று சில சொல்லாவது வருகிறதா? இவை இல்லையென்றால் “ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்” என்று இருந்துவிடாமல் அடுத்த கிளினிக்கிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு 15. இரவு ஒரு மணி வரை போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டு. ரவுட்டரில் அவனுடைய போனைத் தடுத்தேன், அடுத்த நாளே திரும்பவும் வேலை செய்தது. டைமர் பிளக் வாங்கி ரவுட்டருக்குப் போட்டேன், அதுவும் நேரம் பிழைக்கிறது. என்ன செய்யலாம்?
– வாப்பா, ஏறாவூர்

பதில்: இரண்டு பிழைக்கும் காரணம் உண்டு, இரண்டையும் திருத்தலாம்.

ரவுட்டர் ஒரு போனை அதன் ‘மேக்’ முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆண்ட்ரொய்ட் 10க்குப் பிறகும் ஐஓஎஸ் 14க்குப் பிறகும் போன்கள் உண்மை முகவரியை மறைத்து, தாமாக ஆக்கிய ஒன்றைக் கொடுக்கின்றன. வைஃபை செட்டிங்ஸில் அந்தத் தெரிவை மாற்றினால் ரவுட்டருக்கு அது புதிய போன். நீங்கள் தடுத்த முகவரி பட்டியலில் சும்மா கிடக்கும். ஆகவே “இதைத் தடு” என்ற பட்டியலை விட்டு, “இவற்றை மட்டும் விடு” என்ற பட்டியலுக்கு மாறுங்கள். வீட்டுப் போன் ஒவ்வொன்றிலும் வைஃபை பெயரைத் தொட்டு, ‘பிரைவசி’ என்ற இடத்தில் போனின் சொந்த மேக் முகவரியைப் பயன்படுத்தும்படி மாற்றி, அந்த முகவரிகளை ரவுட்டரில் பதியுங்கள். அதன்பின் அவன் மாற்றினால் இணைப்பே கிடைக்காது. ரவுட்டருக்குள் போகும் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும், அடியில் ஒட்டிய தாளில் பார்க்கலாம். அதே தாளில்தான் உள்ளே போகும் கடவுச்சொல்லும் அச்சாகியிருக்கிறது. முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பின்பக்கத்துச் சிறு துளையில் ஊசியால் குத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வைஃபை பெயர் திடீரென்று தாளில் உள்ள பெயருக்குத் திரும்பியிருந்தால் யாரோ குத்தியிருக்கிறார்கள்.

உங்கள் டைமர் பிளக், சுற்றிவர 15 நிமிடத்துக்கு ஒரு பல் உள்ள சுழலும் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். அது கரண்டில் சுழல்கிறது. நாற்பது நிமிடம் கரண்ட் நின்றால் அன்றிலிருந்து நாற்பது நிமிடம் பிந்தித்தான் அணைக்கும். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நேரத்தைத் திருப்பி வைக்க வேண்டும், அல்லது உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்க வேண்டும். வீட்டுத் தொலைபேசியும் அதே ரவுட்டர் வழியாக வருகிறதென்றால் அதுவும் இரவில் செத்திருக்கும் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

இத்தனையும் செய்தாலும் அவன் சிம்மில் டேட்டா இருக்கும், பக்கத்து வீட்டு ஹொட்ஸ்பொட் இருக்கும். அதனால் மேலே கல்லடி வாசகிக்குச் சொன்ன சாலை மேசைதான் உங்களுக்கும் முதல் மருந்து. அதை அவனோடு பேசித்தான் செய்ய வேண்டும். “அரை மணித்தியாலம் விளையாடு” என்று நேரத்தால் அளக்காதீர்கள், மட்ச் கணக்கில் பேசுங்கள். ஃப்ரீ ஃபயரில் ஒரு மட்ச் ஏறக்குறைய பத்து நிமிடம். நடுவில் பறித்தால் கூட விளையாடும் நான்கு பேரில் அவன் மூன்று பேரைக் கைவிட்டவனாகிறான். அவனுடைய கோபத்தில் பாதி அதுதான், நியாயமும்கூட. ரியூசன் விட்டு வந்து நான்கு மட்ச், இஷா பாங்குக்கு முன் கடைசி மட்ச் முடிந்திருக்க வேண்டும் என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தொடங்கினால் மறுநாள் ஒன்று குறையும். அதைத் தவிர ஏச்சு வேண்டாம்.

பள்ளிக்கூடம் போக மறுப்பது, விளையாட்டுக்குள் செலவழிக்கும் ‘டயமண்ட்’ வாங்க வீட்டுக் காசை எடுப்பது, சிநேகிதர்களை விட்டு ஒதுங்குவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் தவிப்பது இவை மாதக் கணக்கில் தொடர்ந்தால் வீட்டு ஒழுங்குகளால் மட்டும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே இருக்கிறது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கேள்வி: இவர் கத்தாரில். பிள்ளைகள் வாப்பாவோடு வீடியோவில் பேசுவதையும் கணக்கில் சேர்த்துக் குறைக்க வேண்டுமா? இரவு பத்தரைக்குத்தான் எடுக்கிறார். பேசி முடிந்ததும் போனை விட மாட்டோம் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: சேர்க்க வேண்டாம் தங்கச்சி. வாப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவது, தானாக ஓடுகிற வீடியோவைப் பார்ப்பது போன்றதல்ல. குறைக்க வேண்டியது அழைப்புக்குப் பிறகு வரும் நேரம். மாற்ற வேண்டியது பத்தரை மணி.

கத்தார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டு முடிக்கிற 2.30 மணி அங்கே பகல் 12, பல வேலைத்தளங்களில் சாப்பாட்டு நேரம். அவர் வெளியில் நின்று வேலை செய்பவரென்றால் ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை அங்கே காலை 10 முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. நமக்கு அது மத்தியானம் 12.30 தொடக்கம் மாலை 6 வரை. அந்த மாதங்களில் பிள்ளைகள் விழித்திருக்கும்போதே பேசிவிடலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருப்பதால் நம் நேரம் 3.30க்குப் பிறகு வையுங்கள். சனிக்கிழமை காலை 9 மணி அங்கே 6.30, வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் கிடைக்கும்.

இரவு தவிர்க்க முடியாத நாட்களில் அவர் படுக்கைக் கதையைக் குரல் பதிவாக அனுப்பட்டும். போனைக் கவிழ்த்து வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். படம் இல்லாமல் குரல் மட்டும் கேட்டபடி தூங்கலாம்.

அழைப்பின்போது போனைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். முடிக்கும்போது வாப்பாவே “சரி, உம்மாட்டப் போனைக் குடுங்க” என்று சொல்லி, நீங்கள் எடுக்கும் வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். அழைப்பு துண்டான போன் கையில் இருப்பதால்தான் அடுத்த வீடியோ தொடங்குகிறது.

கேள்வி: மகள் 5ஆம் ஆண்டு, புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறாள். வீட்டுவேலை வாட்ஸ்அப் குழுவில், வகுப்பு சூமில். படிக்கிறாளா பார்க்கிறாளா என்றே தெரியவில்லை.
– தகப்பன், வாழைச்சேனை

பதில்: 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது வந்த வழக்கம், பல இடங்களில் இன்னும் தொடர்கிறது. குழுவை நீங்களோ தாயோ பாருங்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, 4 மணிக்கும் 7 மணிக்கும். வந்த வேலையை அவளுடைய கொப்பியில் எழுதிக் கொடுங்கள். மூன்று பக்கத்துக்கு மேற்பட்ட வினாத்தாளைக் கொமினிகேஷன் கடையில் அச்செடுத்துவிடுங்கள். பரீட்சை தாளில்தான் வரப்போகிறது, தாளில் கோடு போட்டுப் பழகுவதே அவளுக்கு நல்லது. குழுவை ‘மியூட்’ செய்து, படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள்.

சூம் வகுப்புக்கு ஆண்ட்ரொய்டில் ‘ஆப் பின்னிங்’ இருக்கிறது. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் தேடுங்கள், அந்தத் தேடல் பெட்டியில் ‘பின்’ என்று ஆங்கிலத்தில் அடித்தாலே வரும். அதை இயக்கும்போது ‘விடுவிக்க இரகசிய எண் கேள்’ என்பதையும் இயக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இரண்டு பொத்தானை அழுத்திப் பிடித்து வெளியே வந்துவிடுவாள். ஐபோனில் இதற்குப் பெயர் ‘கைடட் அக்சஸ்’. எண் அவளுக்குத் தெரிந்த உங்கள் பிறந்த ஆண்டாக இருக்க வேண்டாம். போன் சாப்பாட்டு மேசையில், திரை வீட்டாரைப் பார்க்க.

கேள்வி: மாமியார் 6.30 முதல் 9 வரை நாடகம் பார்க்கிறார். பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் படிக்க வேண்டும். சொன்னால் மனம் நோகும்.
– மருமகள், காரைதீவு

பதில்: உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்கள் வேண்டாம். தாயிடம் மகன் கேட்பது வேறு. “நிப்பாட்டுங்க” என்று சொல்லாமல் நேரத்தை மாற்றக் கேட்கலாம். பல நாடகங்கள் மறுநாள் யூடியூப்பில் வந்துவிடுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு காலை 10 மணிக்கு ஆறுதலாகப் பார்க்கலாம். அவருக்கு மிகப் பிடித்த ஒன்றை மட்டும் இரவிலேயே வைத்துக்கொள்ளட்டும். அந்த அரை மணித்தியாலம் பிள்ளைகளுக்குக் குளிப்பும் சாப்பாடும். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ரீவியை அணைப்பதும் முக்கியம். பின்னால் சத்தம் ஓடினால் பெரியவர்கள் பிள்ளைகளோடு பேசுவது குறைகிறது.

கேள்வி: பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, பிழை என்னில்தான். கைக்குழந்தை தூங்கியதும் ரீல்ஸ் பார்க்கத் தொடங்கினால் ஒன்றரை மணித்தியாலம் போகிறது. நேரக் கட்டுப்பாடு போட்டேன், நானே நீக்கிவிடுகிறேன்.
– கொக்கட்டிச்சோலை

பதில்: நீங்கள் போட்ட பூட்டுக்குச் சாவியும் உங்களிடமே இருக்கிறது, அதனால்தான் நிற்கவில்லை. மனக்கட்டுப்பாடு இல்லை என்று உங்களை நீங்களே குறைசொல்ல வேண்டாம். கைக்குழந்தையோடு நாள் முழுக்க நின்றவருக்கு அந்த நேரம் ஒன்றுதான் ஓய்வு. முடிவே இல்லாத ஒன்றை ஓய்வாக எடுத்ததுதான் சிக்கல். பக்கம் முடிகிறது, பாட்டு முடிகிறது. ரீல்ஸுக்கு அடுத்தது என்ற ஒன்று எப்போதும் இருக்கிறது.

அந்தச் செயலியை அழித்துவிட்டு, தேவையானபோது குரோமில் கடவுச்சொல் அடித்து உள்ளே போங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம். அந்த அரை நிமிடத் தடை பல தடவை போதுமானது. யூடியூப்பில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, இனிச் சேமிக்காதபடி நிறுத்துங்கள். முகப்புப் பக்கம் பரிந்துரை எதுவும் இல்லாமல் வெறுமையாக வரும். தேடினால் மட்டுமே வீடியோ கிடைக்கும். ‘பெட்டைம் மோட்’டில் இரவு 8 மணியிலிருந்து திரையைக் கறுப்பு வெள்ளையாக்கலாம். நேரக் கட்டுப்பாட்டின் இரகசிய எண்ணை வைக்க ஐபோனில் வசதி உண்டு, அதைக் கணவரோ தங்கச்சியோ அடித்து வைக்கட்டும்.

கேள்வி: நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் பிள்ளையின் கண் காக்கப்படுமா?
– கல்முனை

பதில்: அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். இத்தகைய கண்ணாடிகளால் கண் களைப்புக் குறைவதாகத் தெரியவில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2023இல் சொன்னது. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைவதாலும், கிட்டத்தில் ஒரே இடத்தைப் பார்ப்பதாலும்தான் களைப்பு. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்திலுள்ள ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நின்றால் மதிலுக்கு அப்பால் தென்னை வட்டு தெரியும் அல்லவா, அது போதும். வெட்டவெளி வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை 7க்கு முன்னும் மாலை 4.30க்குப் பின்னும் பிரித்துக் கொடுங்கள். கரும்பலகை தெரியவில்லை என்றால் கண் கிளினிக்.

கேள்வி: மாரி தொடங்கிவிட்டால் வெளியே விட முடியாது. மார்கழி விடுமுறையில் போனைத் தவிர வேறு என்னதான் கொடுப்பது?
– பெத்தா, திருக்கோவில்

பதில்: பெத்தா, உங்கள் கைக்குத் தெரிந்ததைத்தான் கொடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகளிடம் “போய் விளையாடுங்க” என்றால் பத்து நிமிடத்தில் திரும்பி வருவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் நீங்களும் கூட இருந்தால்தான் பிடிபடும்.

தாயத்துக்குப் புளியங்கொட்டை போதும். நான்கை எடுத்து, சீமெந்துத் தரையில் ஒரு பக்கத்தை மட்டும் கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும் வரை தேய்க்க விடுங்கள். விரல் சுடும், ஊதி ஊதித் தேய்ப்பார்கள். பாதிப் பொழுது அதிலேயே போகும். கட்டத்தைத் தரையில் கரித்துண்டால் கீறலாம். பல்லாங்குழிப் பலகை வீட்டில் இல்லையென்றால் முட்டை மட்டையிலிருந்து பதினான்கு குழி வெட்டியெடுத்து, ஏழு ஏழாக இரண்டு வரிசை அடுக்கி, குழிக்கு ஐந்தாக எழுபது கொட்டை போடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் கொட்டை வாய்க்கும் மூக்குக்கும் போகாமல் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

கொக்கானுக்கு ஐந்து கல். உருண்டையாக, அவர்களுடைய உள்ளங்கையில் ஐந்தும் ஒன்றாக அடங்கும் அளவில் பொறுக்குங்கள். கல் பெரிதாக இருந்தால் மேலே எறிந்ததைப் பிடிக்கும்போது கையிலுள்ளது சிந்தும். சின்னப் பிள்ளை அதில் வெறுத்துத்தான் எழும்பிப் போகும். அதற்கு ஒன்று ஒன்றாகப் பொறுக்குவது மட்டும் போதும், இரண்டு மூன்றாக அள்ளுவதைப் பெரிய பேத்திக்கு விடுங்கள். கல்லு விழுந்தாலும் மூன்று தடவை வரை ஆட்டம் போகாது என்று சின்னதுக்குச் சலுகை வைக்கலாம்.

மழை விட்ட மத்தியானங்களில் வாசலில் நனைய விடுங்கள், தலையைத் துவட்டிவிட்டால் சரி. இடி மின்னல் இருந்தால் வேண்டாம். அடுப்படியிலும் வேலை இருக்கிறது: உள்ளி உரிப்பது, நெத்தலித் தலை கிள்ளுவது, பயறு பொறுக்குவது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கைப்பிடி போதும், சுளகு நிறையக் கொடுத்தால் தண்டனையாகிவிடும். பின்னேரம் 4 தொடக்கம் 5 வரை அவர்களுக்கு ரீவி வையுங்கள், பெத்தா. நேரம் தெரிந்திருந்தால் காலையிலிருந்து உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.